சரிவில் நிற்கும் ஆளை வரைந்தால் தாளில் விழப் பார்க்கிறார். பார்த்து வரையப் பழகுவது எப்படி?

தலவாக்கலைக் கோடு

எல்லோருக்கும் வணக்கம். எட்டு மாதமாகத் தினமும் மனித உருவம் வரைகிறேன். பகலில் நகரத்தில் ஒரு புடவைக் கடையில் வேலை. கடை பூட்டிய பிறகு அரை மணி நேரமும் ஞாயிற்றுக்கிழமை காலை முழுவதும் வரைவதற்குக் கிடைக்கிறது. சாதாரண தரப் பரீட்சையில் சித்திரம் எடுத்துச் சித்தியடைந்தவன். பூச்சாடி, பழத்தட்டு, பொங்கல் காட்சி, சந்தைக் காட்சி எல்லாம் வரைவேன். அந்தக் காட்சிகளில் ஆட்கள் இருந்தார்கள், ஆனால் அவர்கள் மனப்பாடத்தில் இருந்து வந்தவர்கள். எல்லோருக்கும் ஒரே முகம், ஒரே கை. எதிரில் இருக்கும் ஆளைப் பார்த்து வரைய வேண்டும் என்று இந்த வருடம்தான் உட்கார்ந்தேன்.

முகம் ஓரளவு வருகிறது. உடம்பு வருவதில்லை. வீட்டுக்கு எதிரே உள்ள மலையில் தேயிலைக் கொழுந்து எடுப்பவர்களைத்தான் அதிகம் வரைகிறேன். தாளில் அவர்கள் பள்ளத்துக்குள் சரியப் போகிறவர்கள் போல நிற்கிறார்கள். சிலர் நிற்பதே இல்லை, செடிக்கு மேலே மிதக்கிறார்கள். தலை எப்போதும் பெரிதாகிவிடுகிறது. நான் தோளுக்கு வருவதற்குள் அவர்கள் அடுத்த செடிக்குப் போய்விடுகிறார்கள். மீதியை ஊகித்து முடிக்கிறேன். எது பார்த்த இடம், எது ஊகித்த இடம் என்று படத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடுகிறது. அதுதான் அதிகம் உறுத்துகிறது.

வாசற்படியில் உட்கார்ந்து, கொப்பியை மடியில் வைத்து வரைகிறேன். 2பி பென்சில், ஏ4 தாள். அழிறப்பர் பென்சிலை விட வேகமாகத் தேய்கிறது.

எலும்பும் தசையும் முதலில் படிக்க வேண்டுமா? அளவு படிக்க வேண்டுமா? உருவம் வரையச் சொல்லித் தரும் வகுப்பு பக்கத்தில் எனக்குத் தெரிந்து இல்லை. கொழும்புக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போய்ப் படிக்க இப்போது வசதியில்லை. படங்கள் ஆறை இணைத்திருக்கிறேன். உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

மாத்தளைச் சுதை

தம்பி, நான் கோயில் கோபுரங்களில் சுதை வேலை, அதாவது சாந்தில் உருவம் செய்யும் வேலை, செய்கிறவன். எங்கள் தொழிலில் கரண்டியைக் கையில் கொடுக்கும் முன் அளவைக் கொடுப்பார்கள். அதனால் அளவிலிருந்தே தொடங்குகிறேன்.

மயிர்க்கோட்டிலிருந்து மோவாய் வரை உள்ள முகத்தின் நீளம் ஒரு தாலம். ஒரு தாலத்துக்குப் பன்னிரண்டு அங்குலம். இது அடிமட்டத்தில் இருக்கும் அங்குலம் அல்ல. அந்தந்த உருவத்துக்குள்ளேயே பிறந்து, அந்த உருவத்தோடு பெரிதாகிச் சிறிதாகும் அங்குலம். நவதாலம், அதாவது ஒன்பது தாலம் என்றால் 108 அங்குலம். உத்தம தசதாலம், அதாவது பத்துத் தாலத்தில் உயர்ந்த வகை, 124. பிள்ளையாருக்கு ஐந்து தாலம். இந்தக் கணக்கெல்லாம் தெய்வத்துக்கு உரியது, கொழுந்து எடுக்கும் அக்காவுக்குப் பொருந்தாது. ஆனால் உடம்பை அந்த உடம்பாலேயே அளப்பது என்ற வழக்கம் யாருக்கும் பொருந்தும்.

உயிருள்ள ஆளுக்குக் கணக்கு எளிது. உச்சியிலிருந்து மோவாய் வரை ஒரு தலை. வளர்ந்த ஆள் சராசரியாக ஏழரைத் தலை. ஒரு வயதுக் குழந்தை ஏறக்குறைய நான்கு தலை. நிற்கும் ஆளின் நடு எங்கே என்று கேட்டால் பலரும் இடுப்பு என்பார்கள். இல்லை, தொடைகள் பிரியும் இடத்தில். உள்ளங்கையின் அடியை மோவாயில் ஊன்றி விரல்களை முகத்தில் சாயுங்கள். நடுவிரல் மயிர்க்கோட்டுக்குப் பக்கத்தில் போய் நிற்கும். கை என்பது முகத்தளவு. உங்கள் ஆறு படங்களிலும் கைகள் முகத்தில் பாதிதான் இருக்கின்றன.

எழுதியதை நம்ப வேண்டாம், அளந்து பாருங்கள். முழங்கையை மடிக்காமல் பென்சிலை நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, பென்சில் நுனியைத் தலை உச்சியில் வையுங்கள். கட்டைவிரல் நகத்தை மோவாய்க்கு இறக்குங்கள். அந்த நீளம் உடம்பில் எத்தனை முறை வருகிறது என்று எண்ணுங்கள். முழங்கை மடிந்தால் அளவு மாறிவிடும், கவனம்.

பழைய கரும்பலகை

முப்பத்தோரு வருடம் மலையகப் பாடசாலைகளில் சித்திரம் படிப்பித்தேன். இப்போது கண்டியில் ஓய்வில் இருக்கிறேன். தம்பி, உங்கள் படங்களைப் பெரிதாக்கி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கோட்டில் உயிர் இருக்கிறது. குறை கையில் இல்லை, நீங்கள் உட்காரும் விதத்திலும் பார்க்கும் ஒழுங்கிலும் இருக்கிறது. இரண்டும் திருத்தக் கூடியவை.

முதலில் தலை. கொப்பியை மடியில் படுக்க வைத்தால் தாளின் மேல்பக்கம் உங்கள் கண்ணுக்குத் தூரமாகவும் சுருங்கியும் தெரியும். அந்தச் சுருக்கத்தை ஈடு செய்ய உங்களை அறியாமலே மேல்பகுதியை நீட்டி வரைகிறீர்கள். அதனால் தலையும் தோளும் பெருக்கின்றன, கால் குறுகுகிறது. பழைய படங்களைச் சுவரில் நேராக ஒட்டி, பத்தடி தள்ளி நின்று பாருங்கள். பிறகு ஒரு பலகை தேடிக்கொள்ளுங்கள். அதன் கீழ் விளிம்பை மடியில் ஊன்றி, மேல் விளிம்பை நிமிர்த்தி, பார்வை தாளில் செங்குத்தாக விழும்படி சாய்த்துப் பிடியுங்கள்.

இப்போது விழுகிற ஆட்களுக்கு வருகிறேன். ஏழெட்டு வயதுப் பிள்ளைகளிடம் மலை வரைந்து அதில் மரம் நடச் சொன்னால் மரத்தைச் சரிவுக்குச் செங்குத்தாக நடுவார்கள். மரம் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு நிற்கும். வளர்ந்த பிறகும் அந்தப் பழக்கம் நம் கையில் கொஞ்சம் ஒளிந்திருக்கிறது. உங்கள் மூன்றாவது, ஐந்தாவது படங்களில் பெண்கள் மலைச் சரிவுக்குச் செங்குத்தாக நிற்கிறார்கள். மலை எவ்வளவு சாய்ந்திருந்தாலும் ஆளின் பாரம் நேர் கீழேதான் இறங்கும். ஒரு நூலில் சின்ன நட் ஒன்றைக் கட்டி, ஒரு கண்ணை மூடி, எதிரில் நிற்பவரின் கழுத்துக்குழிக்கு நேராகத் தொங்கவிடுங்கள். ஒரே காலில் பாரத்தை விட்டு நிற்பவரானால் நூல் அந்தக் காலின் கணுக்காலுக்குப் பக்கத்தில் போய் விழும். அந்த நேர்கோட்டைத் தாளில் முதலில் மெல்லியதாகப் போடுங்கள். உருவம் அதற்குப் பிறகு வரட்டும்.

மேட்டில் நிற்பவரின் மேட்டுப்பக்கக் கால் முழங்காலில் மடியும், பள்ளப்பக்கக் கால் நீளும். பாரம் எந்தக் காலில் இருக்கிறதோ அந்தப் பக்க இடுப்பெலும்பு உயரும், அதற்கு ஈடாக அந்தப் பக்கத் தோள் தாழும். உங்கள் வாசற்படியிலேயே ஒரு காலை மேற்படியிலும் மற்றதைக் கீழ்ப்படியிலும் வைத்து, இரண்டு இடுப்பெலும்பிலும் கை வைத்துப் பாரத்தை மாற்றி மாற்றிப் பாருங்கள். உடம்பில் உணர்ந்ததைக் கண் சீக்கிரம் கண்டுபிடிக்கும்.

அடுத்தது மிதப்பது. தேயிலைச் செடி இடுப்புவரை மறைத்துவிடுகிறது. பாதம் தெரியாததால் நீங்கள் பாதம் இல்லாத ஆளை வரைகிறீர்கள். செடிகளின் மட்டமான மேற்பரப்பை நிலம் என்று எடுத்துக்கொள்கிறீர்கள். நிலம் அதற்கு இரண்டு மூன்று அடி கீழே இருக்கிறது. மறைந்திருக்கும் காலையும் மெல்லிய கோட்டில் வரைந்து, பாதத்தை மண்ணில் ஊன்றிவிட்டு, பிறகு செடியை அதன் மேல் போடுங்கள்.

கொழுந்து எடுப்பவரின் பாரம் முதுகில் இருக்கிறது. கூடை பின்னால் இழுக்க, உடம்பு முன்னால் சாய்ந்து சமன் செய்கிறது. அந்தச் சாய்வுதான் படத்தின் முதல் கோடு. முகம், சேலை, கூடைப் பின்னல் எல்லாம் கடைசி.

எலும்பு படிக்க வேண்டுமா என்று கேட்டீர்கள். தோலுக்கு அடியில் தட்டுப்படும் எலும்புகளை மட்டும் இப்போது தெரிந்துகொள்ளுங்கள். குனியும்போது பின்கழுத்தில் துருத்தும் முள்ளெலும்பு, காறை எலும்பு, தோள்பட்டை எலும்பின் விளிம்பு, இடுப்பெலும்பின் முன்முனை, முழங்கால் சில்லு, கணுக்கால். ஆள் தடித்தவராக இருந்தாலும் மெலிந்தவராக இருந்தாலும் இவை கண்ணுக்குப் பிடிகொடுக்கும். தசைகளின் பெயர்கள் ஒரு வருடம் கழித்துப் போதும்.

தலவாக்கலைக் கோடு

சேர், படங்களைச் சுவரில் ஒட்டிப் பார்த்தேன். மடியில் இருந்தபோது சரியாகத் தெரிந்த தலைகள் சுவரில் பெரிதாக இருக்கின்றன. எட்டு மாதமாகத் தலையை அழித்து அழித்துச் சிறிதாக்கிக்கொண்டிருந்தேன், பிழை கொப்பியை மடியில் வைத்த விதத்தில் இருந்திருக்கிறது. கடையில் துணி சுற்றி வரும் அட்டை ஒன்றை முதலாளியிடம் கேட்டு வாங்கியிருக்கிறேன்.

சுதை அண்ணா, கை அளவை அம்மா, தங்கச்சி, பக்கத்து வீட்டு ஐயா மூவரிடமும் வைத்துப் பார்த்தேன். மூவருக்கும் பொருந்துகிறது.

மூடுபனி

எனக்குப் புரியாதது ஒன்று. கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டு இரவு முழுவதும் பார்த்து வரையலாமே? ஆள் அசைய மாட்டார், மழையில் நனைய வேண்டாம், யாரையும் தொந்தரவு செய்ய வேண்டாம். வேலை பார்க்கிறவர்களுக்கு வேறு வழி ஏது? நான் பதுளையில் இருக்கிறேன். மாலையில் கொட்டும் மழையில் எந்த ஆளைத் தேடிப் போவது? இரண்டு வருடம் படம் பார்த்துத்தான் பழகினேன். உருவம் அச்சாக வருகிறது.

நானுஓயா மேடை

மூடுபனி, படத்தைப் பார்த்து வரைவது குற்றமில்லை. நானும் செய்திருக்கிறேன். ஆனால் அச்சாக வருகிறது என்று நீங்கள் சொல்வதில்தான் சிக்கல். கைப்பேசியின் அகன்ற கோண வில்லை பக்கத்தில் இருப்பதைப் பெருக்கும், தள்ளி இருப்பதைச் சுருக்கும். நீட்டிய கை பெரிதாகும், பின்னால் இருக்கும் கால் சிறுக்கும். நேரில் பார்த்துப் பழகிய கண் அதைத் திருத்திக்கொள்ளும். பழகாத கண் பிழையோடு சேர்த்து நகல் எடுக்கும். நிழலுக்குள் இருப்பதும் படத்தில் கறுத்துப் போகும். நேரில் கண்ணை இடுக்கிப் பார்த்தால் நிழலுக்குள்ளே இன்னொரு நிழல் தெரியும்.

இன்னொன்று, படம் காத்திருக்கும். காத்திருக்கும் என்று தெரிந்தால் கண் சோம்பிவிடும்.

நான் வேலைக்காக நானுஓயாவிலிருந்து ஹட்டனுக்கு ரயிலில் போய் வருகிறேன். என் வகுப்பறை அந்தப் பெட்டிதான். வட்டகொடையில் ஏறுபவர் தலவாக்கலையில் இறங்கிவிடுவார், அதற்குள் முடிக்க வேண்டும். முதலில் ஒரு ஆளுக்கு அரை நிமிடம். உச்சியிலிருந்து பாதம் வரை உடம்பு போகும் போக்கை மட்டும் ஒரே இழுப்பில் போடுவேன், விளிம்பு கிடையாது. ஜன்னலில் சாய்ந்து தூங்குபவர் என்றால் தலையின் பாரம் கண்ணாடியில், மார்பின் பாரம் இடுப்பில், இடுப்பு இருக்கையின் நுனியில். அந்த மூன்றையும் ஒரு வளைவு இணைத்துவிடும். இப்படி ஒரு பயணத்தில் இருபது. கையில் பேனை, அழிறப்பரே கிடையாது. தவறான கோடு அப்படியே கிடக்கட்டும், சரியான கோட்டை அதன் மேலேயே போடுங்கள். அழித்தால் எங்கே தவறினோம் என்ற தடயமும் அழிந்துபோகும்.

கொட்டகலையைத் தாண்டியதும் சிங்கமலைச் சுரங்கம் வரும். பெட்டியில் விளக்கு எரியாத நாட்களில் முழு இருட்டு. சுரங்கம் வருவதற்கு முன் எதிரில் இருப்பவரை நன்றாகப் பார்த்துக்கொள்வேன். இருட்டுக்குள் போனதும் அவரை மனதில் மறுபடி உட்கார வைப்பேன். எந்த முழங்கை முழங்காலில் இருந்தது? பை எந்தப் பக்கம்? மோவாய்க்குக் கீழே தோள் எவ்வளவு தூரத்தில் இருந்தது? வெளிச்சம் வந்ததும் ஒப்பிட்டுப் பார்ப்பேன். தொடக்கத்தில் பாதிக்கு மேல் பிழை. இப்போது அவர் இறங்கிப் போன பிறகும் முடிக்க முடிகிறது.

இது நான் கண்டுபிடித்த வித்தையில்லை. 19ஆம் நூற்றாண்டில் பாரிஸில் லெகோக் டு புவாபோத்ரான் என்ற ஆசிரியர் மாணவர்களுக்கு நினைவிலிருந்து வரையும் பயிற்சி கொடுத்தார். சிற்பி ரொடான் அவரிடம் படித்தவர். பிற்காலத்தில் ரொடான் தன் மாதிரிகளை ஒரே இடத்தில் நிறுத்தி வைக்காமல் அறைக்குள் நடமாட விட்டு, தாளைப் பார்க்காமல் அவர்களையே பார்த்துக்கொண்டு வரைந்தார். அசைகிற ஆளை வரைய முடியாது என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தக் கோடுகள் நினைவுக்கு வரும்.

மாத்தளைச் சுதை

நானுஓயா தம்பி சொல்வதில் அரை நிமிடம் என்பதை நான் ஒப்ப மாட்டேன். அளவு கைக்கு வராமல் வேகம் வந்தால் பிழைதான் வேகமாக வரும். கோபுரச் சாரத்தில் நின்று ஒரு முழங்காலை இரண்டு விரற்கடை மேலே வைத்துவிட்டால், கீழே இருந்து பார்க்கும் சனங்களுக்கு அந்த உருவம் ஆயுளுக்கும் நொண்டியாகவே நிற்கும். சுதை காய்ந்த பிறகு திருத்தம் கிடையாது.

நானுஓயா மேடை

அண்ணா, கோபுரத்தில் நீங்கள் செய்வது நூறு வருடம் நிற்க வேண்டிய வேலை. நான் சொல்வது கண்ணைப் பழக்கும் வேலை. அரை நிமிடத்தில் போட்ட இருபதில் ஒன்றை எடுத்து அன்று இரவே அளந்து பார்க்கிறேன். ஏழரைத் தலைக்குப் பதில் ஆறு வந்திருந்தால் மறுநாள் பெட்டியில் அதை மட்டும் கவனிப்பேன். போக்கு முதலில், அளவு உடனே பின்னால். அளவை முதலில் வைத்தபோது என் ஆட்கள் எல்லோரும் அடையாள அட்டைக்குப் படம் பிடிக்க நின்றவர்கள் போல இருந்தார்கள்.

மாத்தளைச் சுதை

இரவில் அளக்கிறீர்கள் என்றால் எனக்கு மறுப்பில்லை. அதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும், படிக்கிற பிள்ளைகள் அரை நிமிடத்தோடு நிறுத்திவிடுவார்கள்.

மூன்றாம் நம்பர் லயம்

இந்த இழையை ஒரு வாரமாகப் படிக்கிறேன். நான் சித்திரம் வரைபவள் அல்ல. என் அம்மா இருபத்தாறு வருடமாகக் கொழுந்து எடுக்கிறார். கரும்பலகை சேர் எழுதியதில் ஒன்றைத் திருத்த வேண்டும், மன்னிக்க வேண்டும் சேர்.

பாரம் முதுகில் இல்லை, தலையில் இருக்கிறது. கூடை முதுகில் சாய்ந்திருக்கிறது, ஆனால் அது தொங்குவது தலையிலிருந்து. உச்சிக்குச் சற்று முன்னே, மடித்து வைத்த துணியின் மேல் கயிறு பதியும். இழுவை முழுவதும் கழுத்து வழியாகத்தான் இறங்கும். கூடை காலியாக இருக்கும் காலை நேரத்தில் அம்மா பக்கத்து நிரையில் இருப்பவரோடு தலையைத் திருப்பித் திருப்பிப் பேசுவார். கூடை நிறைய நிறையத் தலை திரும்பாது. யாராவது கூப்பிட்டால் உடம்போடு சேர்ந்துதான் திரும்புவார். மோவாய் உள்ளே போகும். காதுக்குப் பின்னால் தொடங்கிக் காறை எலும்பு வரை இறங்கும் இரண்டு தசைகளும் கயிறு போல எழும்பி நிற்கும். சாய்வு இடுப்பிலிருந்து வரும். முதுகு வளையாது. நீங்கள் பலரும் முதுகைக் கூனாக வரைகிறீர்கள்.

கையையும் பாருங்கள். இரண்டு கையும் ஒரே நேரத்தில் வேலை செய்யும். அம்மா தன் கையைப் பார்ப்பதே இல்லை, கண் அடுத்த செடியில் இருக்கும். பிடி நிறைந்ததும் தோளுக்கு மேலே பின்னால் வீசுவார், பார்க்காமலே கூடைக்குள் விழும். அந்த வீச்சு திரும்பத் திரும்ப வரும். அசைந்துவிடுகிறார்கள் என்று தம்பி கவலைப்படுகிறார். அசைவதெல்லாம் திரும்பி வருகிற அசைவுதான். ஒரே தாளில் நான்கு உருவம் தொடங்கி வையுங்கள். கை செடியில் இருக்கும்போது ஒன்றைத் தொடருங்கள், வீசும்போது இன்னொன்றைத் தொடருங்கள்.

கடைசியாக, இதைத்தான் முதலில் சொல்ல நினைத்தேன். கேட்காமல் வரையாதீர்கள். வீதியோரம் வாகனத்தை நிறுத்திப் படம் எடுப்பவர்களைக் கண்டால் அம்மா தலையைக் குனிந்துகொள்வார். அந்தப் படங்கள் எங்கே போகின்றன என்று அவருக்குத் தெரியாது. நீங்கள் எங்கள் ஆட்கள்தான். இருந்தாலும் எதிர் மலையிலிருந்து எட்டு மாதம் பார்த்துக்கொண்டிருப்பது அவருக்குத் தெரிந்தால் எப்படி இருக்கும்? கங்காணியிடம் அல்ல, அந்தப் பெண்ணிடமே கேளுங்கள். வேலை நேரத்தில் நிற்கச் சொல்லாதீர்கள். கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம், போட்டுவிடுவார்கள். வரைந்ததைக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

பழைய கரும்பலகை

மகளே, மன்னிப்பு எதற்கு? நீங்கள் சொன்னதுதான் சரி. நான் இத்தனை வருடம் இந்த மலைகளில் இருந்தும் கூடையைப் பார்த்தேன், கயிற்றைப் பார்க்கவில்லை. என் மாணவர்கள் பலர் கூன் முதுகோடு கொழுந்து எடுப்பவர்களை வரைந்திருக்கிறார்கள். அதற்கு நான் நல்ல புள்ளியும் போட்டிருக்கிறேன். தம்பி, நான் எழுதியதில் அந்தப் பத்தியை விட்டுவிட்டு இவர் எழுதியதை வைத்துக்கொள்ளுங்கள்.

கேட்டு வரைவது பற்றி ஒரு சொல். மடியில் பலகையோடு அரை மணி நேரம் ஒருவர் முன்னால் உட்காரும்போது அவரும் உங்களைப் பார்க்கிறார். அந்த உறவு வரைபவருக்கு நல்லது. கண் கூடுதல் பொறுப்போடு வேலை செய்யும்.

மூடுபனி

இன்று மழை. வீட்டிலேயே இருந்தேன். பாட்டி அடுப்புக்கு முன்னால் மிலாறு, அதாவது தேயிலைக் குச்சி விறகு, முறித்துக்கொண்டிருந்தார். அனுமதி கேட்டு, பேனையால் அரை நிமிடம் வீதம் பன்னிரண்டு போட்டேன். ஒன்றும் அச்சாக வரவில்லை. ஆனால் ஒன்பதாவதைப் பார்த்த தம்பி பாட்டி என்று உடனே சொன்னான். முகமே போடவில்லை, குந்தியிருக்கும் முதுகு மட்டும்தான். இரண்டு வருடத்தில் என் படம் எதற்கும் இப்படி நடந்ததில்லை.

ஒரு கேள்வி: எங்கள் வீட்டில் தாள் எப்போதும் ஈரமாகவே இருக்கிறது. பென்சில் கோடு பள்ளம் பறிக்கிறது.

மாத்தளைச் சுதை

தாளைப் பொலித்தீன் பையில் கட்டி, அடுப்புக்கு மேலே பரணில் வையுங்கள். ஈர நாளில் கூர்மையான பென்சில் வேண்டாம், 4பி அல்லது கரி எடுங்கள். கரியை வீட்டிலேயே செய்யலாம். விரல் தடிப்பில் பட்டை உரித்த குச்சிகளை மூடியுள்ள பால்மா டின்னில் நெருக்கி அடுக்கி, மூடியில் ஆணியால் ஒரு துளை போட்டு, அடுப்புத் தணலில் வையுங்கள். துளையில் புகை நின்றதும் எடுத்து, முழுவதும் ஆறும் வரை திறக்காதீர்கள். சூடாகத் திறந்தால் காற்றுப் பட்டுச் சாம்பலாகிவிடும். மிலாறு வைரமான குச்சி, கரியானாலும் தாளைக் கீறும். மென்மையான மரத்துக் குச்சி தேடுங்கள்.

தலவாக்கலைக் கோடு

ஐந்து வாரம் கழித்து வருகிறேன். மன்னிக்கவும், பண்டிகைக் காலம், கடையில் நேரம் கிடைக்கவில்லை.

மூன்றாம் நம்பர் லயம் அக்கா எழுதியதைப் படித்த அன்று இரவு தூக்கம் வரவில்லை. அடுத்த ஞாயிறு எதிர் மலையில் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக்குப் போனேன். நான் அதிகம் வரைந்தவர் அம்மாவுக்குத் தெரிந்த ஒரு சின்னம்மாதான் என்று அங்கே போன பிறகுதான் தெரிந்தது. தூரத்தில் இருந்து எனக்கு அவர் முகம் தெரிந்ததே இல்லை. கொப்பியைக் கொடுத்தேன். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்தார். "ஏன் ஒன்றிலும் எனக்குக் கால் இல்லை?" என்று கேட்டார். மறைந்த காலையும் வரைய வேண்டும் என்று சேர் எழுதியதைச் சொன்னேன். "அப்படியானால் கீழே வந்து பார்" என்றார். விடுமுறை நாட்களில் கொழுந்து மடுவத்துக்கு வர அவரே மற்றவர்களிடம் சொல்லி ஒழுங்கு செய்தார்.

மடுவத்தில் நிறுவைக்கு வரிசையில் நிற்கிறார்கள். அங்கே செடி இல்லை, முழு ஆளும் தெரிகிறது. வரிசை மெதுவாக நகர்வதால் ஒரே நிலையில் இரண்டு மூன்று நிமிடம் நிற்கிறார்கள். கால் மாற்றும்போது இடுப்பு உயர்வதையும் எதிர்த்தோள் எழுவதையும் அங்கேதான் கண்ணால் பிடித்தேன். நூலில் கட்டிய நட்டைத் தூக்கிப் பிடித்தபோது எல்லோரும் என்னவென்று கேட்டார்கள். ஒரு பாட்டி வாங்கித் தானும் பிடித்துப் பார்த்தார்.

நான்கு ஞாயிறும் பௌர்ணமி விடுமுறையான போயா இரண்டும் சேர்த்து எழுபத்துமூன்று தாள் வரைந்தேன். அதில் பதினொன்றில் ஆள் நிற்கிறார். மற்றவற்றை எறியவில்லை. எது ஏன் விழுகிறது என்று பின்பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். பெரும்பாலும் ஒரே காரணம்: கூடையைச் சீக்கிரம் போட்டுவிட்டேன். பின்னல் அழகாக இருக்கிறது, கண் அங்கே ஓடிவிடுகிறது.

இணைத்திருப்பது ஐம்பத்தெட்டாவது தாள். சின்னம்மா கூடையை இறக்குவதற்காகக் கயிற்றைத் தலையிலிருந்து எடுக்கும் நேரம். இதற்கு முந்திய நாள் அவரை நிறைந்த கூடையோடு வரைந்து காட்டினேன். தாளைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "கூடையை நிறைத்துவிட்டாய், என் கழுத்தில் பாரத்தைக் காணவில்லையே" என்றார். உண்மைதான். கழுத்தை இரண்டு நேர்கோடாகப் போட்டிருந்தேன். மறுநாள் கூடையைப் பார்க்கவே இல்லை. கயிற்றுக்குக் கீழே விரல்கள் நுழைவதையும், கயிறு எழும்பிய அந்த நொடியில் கழுத்துத் தசைகள் அடங்கி மோவாய் முன்னால் வருவதையும் மட்டும் பார்த்தேன். ஏழு முறை பார்த்தேன், ஏழாவது முறைதான் கோடு போட்டேன். தலையில் இருந்த துணியில் கயிறு பதிந்த பள்ளம் அப்படியே இருந்தது. அதையும் போட்டிருக்கிறேன், இடது காதுக்கு மேலே பாருங்கள்.

பழைய கரும்பலகை

தம்பி, இந்த ஆள் நிற்கிறார். பாரம் வலது குதிகாலில் இறங்குகிறது, நூல் தேவையில்லை. இடுப்பிலிருந்து தோளுக்குப் போகும் கோட்டில் தயக்கம் இல்லை. முன்னங்கை மட்டும் கொஞ்சம் நீளம். முழங்கை நமக்கு நேராக வரும்போது முன்னங்கை சுருங்கித் தெரிய வேண்டும், நீங்கள் தெரிந்த நீளத்தைப் போட்டுவிட்டீர்கள். அப்படிப்பட்ட இடத்தில் கையைப் பார்க்காமல், கைக்கும் முகத்துக்கும் இடையில் இருக்கும் வெற்றிடத்தின் வடிவத்தைப் பார்த்து வரையுங்கள். வெற்றிடத்தின் நீளம் நமக்கு முன்கூட்டித் தெரியாது, அதனால் அதில் பொய் வராது.

கண்டிப் பக்கம் வந்தால் தெகல்தொருவ குகை விகாரைக்குப் போவோம். 18ஆம் நூற்றாண்டுச் சுவரோவியங்கள். நிழலே இல்லை, தட்டையான நிறமும் கோடும்தான். ஆனாலும் அந்தக் கோட்டில் ஆட்கள் நடக்கிறார்கள். இந்தப் பதினொரு தாளையும் வரைந்த பிறகு அதைப் பார்த்தால் உங்களுக்கு வேறுவிதமாகத் தெரியும்.

மாத்தளைச் சுதை

கை முகத்தளவு இருக்கிறது. மகிழ்ச்சி.

மூன்றாம் நம்பர் லயம்

அம்மாவிடம் காட்டினேன். கைப்பேசியை வாங்கிப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். துணியில் இருக்கும் பள்ளத்தில் விரல் வைத்தார், ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "இடது கை எங்கே?" என்று கேட்டார். கயிற்றை வலது கையால் எடுக்கும்போது இடது கை பின்னால் போய்க் கூடையின் அடியைத் தாங்கியிருக்குமாம். தாங்காவிட்டால் கூடை சரிந்து கொழுந்து கொட்டிவிடும் என்றார்.

தலவாக்கலைக் கோடு

இடது கை உடம்புக்குப் பின்னால் மறைந்திருந்தது. தெரியவில்லை என்று விட்டுவிட்டேன். ஆனால் இப்போது பார்க்கிறேன், இடது தோள் பின்னால் இழுபட்டிருப்பதை வரைந்திருக்கிறேன், ஏன் இழுபட்டிருக்கிறது என்று தெரியாமலே. போயாவுக்கு மடுவத்துக்குப் போகிறேன். இந்த முறை பின்பக்கம் உட்காருகிறேன்.